சின்னக் காத்தாடியும் முப்பது கசெற்றுகளும்

ஜேர்மனியில் பழைய கொம்பியூட்டர் ஒன்றைத் திருத்தக் கொண்டுபோனால், கடைக்காரர் முதலில் சொல்வது "புதுசு வாங்குங்கோ" என்பதுதான். அவரிலும் பிழையில்லை. ஒரு மணித்தியாலக் கூலிக்கே அந்தப் பெட்டி பெறாது. ஆனால் 2005இல் வாங்கிய என்னுடைய பெட்டியை என்னால் எறியமுடியாது. அதற்குள் ஒரு பிசிஐ காட் இருக்கிறது. வீஎச்எஸ் கசெற்றில் இருந்து படத்தைக் கொம்பியூட்டருக்குள் எடுக்கிற காட். விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பிறகு அதற்கு டிரைவர் வரவில்லை.

யூஎஸ்பியில் செருகும் மலிவுக் கருவிகள் இருக்கின்றனதானே என்பீர்கள். ஒன்று வாங்கிப் பார்த்தேன். தேய்ந்த கசெற்றில் படம் துள்ளுகிற இடமெல்லாம் சத்தம் ஒருபக்கம், படம் ஒருபக்கம் போனது.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டு நன்மை தின்மை எல்லாம் எனக்குக் கசெற்றில்தான் வந்தன. அக்காவின் கலியாணம், ஊர்க்கோயில் தேர், 1998இல் அம்மாவின் செத்தவீடு. என்னுடைய அகதி வழக்கு முடியாத காலம் அது. போனால் திரும்பி வரமுடியாது. முப்பது கசெற் இருக்கும்.

போன மாரியில் அவற்றைப் பதியத் தொடங்கினால், இருபது நிமிசத்தில் படம் உறைந்து நின்றது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி மேசை விசிறியை உள்ளே திருப்பிவிட்டேன். ஒரு மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. ஆக, வருத்தம் சூடுதான். பார்த்தால் மதர்போட்டின் சிப்செற்றுக்கு மேல் இருந்த 40 மில்லிமீற்றர் காத்தாடி சுற்றாமல் செத்துக் கிடந்தது. பிசிஐ காட்டில் இருந்து வரும் படம் அந்தச் சிப்பினூடாகத்தான் போகவேண்டும்.

அதே மாதிரிக் காத்தாடியை மாற்றலாம். ஆனால் அந்த அளவுக் காத்தாடி போதிய காற்றுத் தர நிமிசத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுற்றவேண்டும். சத்தம் கூட. தூசி ஏறி, எண்ணெய் காய்ந்து, திரும்பவும் நிற்கும். அதனால் காத்தாடியே இல்லாத ஹீற்சிங் பூட்ட முடிவெடுத்தேன். அந்தக் காலத்தில் பலர் பூட்டிய நீலநிறச் சல்மான் ஒன்று பழைய சாமான் சந்தையில் அகப்பட்டது.

வாங்கமுன் மூன்றைப் பார்க்கவேண்டும். ஒன்று, சிப்பின் இரு பக்கமும் உள்ள துளைகளுக்கு இடையிலான தூரம். மூலைவிட்டமாக, நடுவில் இருந்து நடுவுக்கு அளக்கவேண்டும். இரண்டு, உயரம். பல பலகைகளில் சிப் கிராபிக்ஸ் காட்டுக்கு நேர்கீழே இருக்கும், உயரமான ஹீற்சிங் முட்டும். மூன்று, சிப்பின் மேற்பக்கம். உலோக மூடி இருந்தால் பயமில்லை. என்னுடையதுபோல சிலிக்கன் வெறுமையாகத் தெரிந்தால், சரித்து அழுத்தினால் மூலை உடையும். சுற்றிவரச் சிறு பஞ்சுத் துண்டுகள் ஒட்டினால் சரியாது.

கழற்றமுன் பத்து நிமிசம் ஓடவிட்டேன். சூட்டில் பழைய பசை இளகும். பிறகு மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, பலகையின் பின்பக்கத்தில் ஊசிகளின் நுனியைக் குறட்டால் நெரித்துத் தள்ளினேன். ஹீற்சிங்கை மெல்லத் திருகித்தான் எடுக்கவேண்டும். ஸ்குறூ டிரைவரால் கிளப்பினால் பலகையில் ஓடும் செப்புக்கோடு அறும். மிச்சப் பசையை ஐசோபுரோப்பனோலில் நனைத்த கோப்பி வடிதாளால் துடைத்தேன். அதில் நார் ஒட்டாது.

பசை விசயத்தில்தான் கனபேர் அள்ளிப் பூசுகிறார்கள். அலுமினியம் சூடு கடத்தும் அளவு 237 என்றால் காற்றுக்கு 0.026தான். பசை இவைக்கு இடையில், ஒரு சில இலக்கத்தில் நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் இருக்கும் காற்றை வெளியேற்றத்தான் பசை. தடிப்பாய்ப் பூசினால் அதுவே இடையில் சுவராகும். சின்னச் சிப்புக்கு ஒரு அரிசி அளவு காணும்.

இரண்டு குழம்பைக் கலந்து ஒட்டும் பிசினும் விற்கிறார்கள். பலகையில் துளையே இல்லாவிட்டால் ஒழிய அதைத் தொடாதீர்கள். அது காய்ந்தால் பிறகு கழற்றமுடியாது, இழுத்தால் சிப்பும் சேர்ந்து வரும். சுருள்கம்பி ஊசி சிப்பை எப்போதும் ஒரே அளவாய் அழுத்திப் பிடிக்கும், வேண்டுமென்றால் விடும். பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது பாரம் பக்கவாட்டில் தொங்குவதையும் தாங்கும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்ட ஊர்க்காரருக்கு, திரும்பக் கழற்றக்கூடியதாய்ப் பூட்டு என்று சொல்லித்தரத் தேவையில்லை.

கடைசியாய், காத்தாடி இல்லாத ஹீற்சிங்குக்கும் கொஞ்சம் காற்றோட்டம் வேண்டும். பெட்டியின் பின்பக்கத்தில் 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்றை மெதுவாய் ஓடவிட்டேன். சத்தமேயில்லை.

அன்றிரவு 1998ஆம் ஆண்டுக் கசெற்றைப் போட்டேன். மூன்று மணித்தியாலமும் தடங்கலின்றிப் பதிந்தது. வாசலில் அப்பா நின்று வருகிறவைக்குக் கைகூப்புகிறார். அவரும் இப்போது இல்லை.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படிக் கசெற்றுகள் கிடக்கும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 யூலையில் வீஎச்எஸ் டெக் செய்வதை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள்தான் மிச்சம், நாடாவும் வருசத்துக்கு வருசம் மங்குகிறது. பெட்டியைத் திருத்தியோ, திருத்தத் தெரிந்தவரிடம் கொடுத்தோ, இந்த மாரிக்குள்ளேயே பதிந்துவிடுங்கள்.