கரிசக்காட்டுல ஒரு ஊசி வைத்தியம்!

மதுரையில தூத்துக்குடி பஸ் ஏறினா, அருப்புக்கோட்டை. அங்கிருந்து திருச்சுழிக்கு டவுன் பஸ். ஜன்னல் சீட் முக்கியம் பாஸ்! ரெண்டு பக்கமும் கரிசல், சீமைக்கருவேலம், நடுநடுவே கரிமூட்டப் புகை. ரமணர் பிறந்த ஊரைத் தேடி வருகிறவர்கள் கோயிலைப் பார்ப்பார்கள். நீங்க ஆட்டுக்கிடையையும் பாருங்க. காவலுக்கு ஒரு நாட்டு நாய் நிச்சயம் இருக்கும். பக்கத்து ராஜபாளையம் நாய் மாதிரி 2005-ல தபால்தலையில ஏறிய வி.ஐ.பி. இல்ல. ஆனா, ராத்திரி முழுக்க டியூட்டி!

அந்த நாய்க்குத் தாடைக்குக் கீழே, தோள்பட்டைக்கு முன்னால, பின்னங்கால் முட்டிக்குப் பின்னால கட்டி தட்டுப்பட்டா? 'புத்து வச்சிருச்சு, தேறாது'னு கைகழுவிடுவாங்க. அவசரப்படாதீங்க. உண்ணி கடிச்சு வர்ற எர்லிக்கியோசிஸ் நோயிலும் நிணநீர்க் கணுக்கள் வீங்கும். இந்த வெயில் பூமியில உண்ணிக்கா பஞ்சம்? டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நேரத்துல கொடுத்தா பெரும்பாலும் தேறிடும். லிம்போமா என்றால் கதையே வேறு. தடவிப் பார்த்து ரெண்டையும் பிரிக்க முடியாது.

பிரிச்சுச் சொல்றது ஒரு சின்ன ஊசி. அதைக் கணுவில் குத்தி, வந்த துளியை ஸ்லைடில் தடவி, உலர்த்தி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைப்பார்கள். மயக்க மருந்துகூடப் பெரும்பாலும் வேண்டாம். பல்லில் சீழ் இருந்தாலே தாடைக் கணு வீங்கும் என்பதால், தோள்பட்டை, முட்டிக் கணுக்களையும் பார்ப்பது நல்லது.

நோய்க்கிருமியால் வீங்கிய கணுவில் சின்ன லிம்போசைட், பெரிய செல், பிளாஸ்மா செல் என்று திருவிழாக் கூட்டம். லிம்போமாவில் பெரும்பாலும் ஒரே ஜாடைப் பெரிய செல்கள், பாதிக்கு மேல். அளவுகோல் எது தெரியுமா? பக்கத்திலேயே கிடக்கும் சிவப்பணு! உட்கரு அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல் இருந்தால் 'பெரிய செல்' வகை. சின்ன செல் வகையில் ஊசி ஏமாற்றும். அதுக்குத் திசுவை வெட்டி எடுத்துப் பார்க்கணும். பி செல்லா, டி செல்லா என்பதற்குத் தனி டெஸ்ட். பொதுவாக டி செல் வகை கொஞ்சம் முரடு.

பெரும்பாலும் முழுசாக் குணமாகாது, உண்மைதான். ஆனா, பி செல் வகைக்குக் கூட்டு மருந்து கொடுத்தால், பல நாய்கள் ஒரு வருஷம்போல நல்லா ஓடியாடும். அந்த மருந்துகளில் முக்கியமானது வின்கிறிஸ்டின். அது எதிலிருந்து வருது? நம்ம தென் மாவட்ட வறண்ட மண்ணிலேயும் விளையற நித்யகல்யாணி. சுடுகாட்டு மல்லினு ஒதுக்கி வைக்கிறோமே, அதே பூ!

திருநெல்வேலி ராமையன்பட்டியில 2012-லிருந்து அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க தெரு நாயையும் ஒருதடவை தடவிப் பாருங்க. கட்டி இருந்தா முடிவு கட்டாதீங்க... முதல்ல ஊசி, அப்புறம் தீர்ப்பு!