வடக்கே போன தாத்தாவைத் தேடி



வெளியூர் போய் வந்தவர்கள், வீட்டுக்கு வருகிறவர்களை உட்கார வைத்துத் தேநீரைக் கையில் கொடுத்து, தாங்கள் எடுத்த படங்களைக் காட்டாமல் விடமாட்டார்கள். அந்த வியாதி எனக்கும் உண்டு. இன்று அகப்பட்டுக்கொண்டவர் நீங்கள்.

என் மடியில் இருக்கும் ஆல்பத்தில் எல்லாம் சயாம் நாட்டுப் படங்கள். உலகம் தாய்லாந்து என்கிறது. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அது என்றும் சயாம்தான். கைப்பேசியில் எடுத்த படங்களை ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாகப் போட்டு வாங்கினேன். அவற்றைப் பார்க்க வேண்டியவர் என் அப்பா. வயது எண்பதுக்கு மேல். கைப்பேசியின் சின்னத் திரை அவர் கண்ணுக்குப் பிடிபடாது.

படங்களைப் புரட்டுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பத்தில் இருக்க வேண்டிய ஒரு படம் இல்லை. அது என் தாத்தாவின் படம். அது எங்கேயும் இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துக் கூலிக்காரனை யார் படம் எடுத்தார்கள்?

எங்கள் தோட்டம் சுங்கை சிப்புட் பக்கம். இன்று அங்கே பால்மரமும் இல்லை, லயமும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் இன்று ஒரு கார் கழுவும் கடை. 1941-இல் என் அப்பா அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். ரப்பர் ஏற்றுமதி நின்றது. துரைமார்கள் ஓடிப்போனார்கள். தோட்டத்து ஜனங்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கை உடுத்தி உயிர் வளர்த்தார்கள்.

அந்தப் பசிக் காலத்தில்தான் ஆள் கேட்டு வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதம், நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு இலவசம் என்றார்கள். சிலர் நம்பிப் போனார்கள். பிறகு நம்ப ஆளில்லாமல் போகவே, பிடித்துப் போனார்கள். சில தோட்டங்களில் இலவசமாகச் சினிமா காட்டுகிறோம் என்று கூட்டி, வந்தவர்களை அப்படியே லாரியில் ஏற்றியதாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. தாத்தா போனது 1943-இல். அப்பாவுக்கு அப்போது இரண்டு வயது.

போனவர் வரவில்லை. போர் முடிந்தபின் திரும்பி வந்த அடுத்த லயத்துக்காரர் ஒருவர், "பான்போங் வரைக்கும் ஒண்ணாத்தான் போனோம். அங்கே எங்களைப் பிரிச்சிட்டாங்க" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு என் அப்பாயி நாற்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்.

செத்தார் என்று யாரும் சொல்லவில்லையே! அதனால் தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. சாயங்காலம் வடக்கே போகும் ரயில் கூவினால், கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார். நான் சிறுமியாக இருந்தபோது பக்கத்தில் நின்று ரயிலுக்குக் கைகாட்டுவேன். அவர் காட்டமாட்டார். பார்த்துக்கொண்டே நிற்பார். 1986-இல் அப்பாயி கண்ணை மூடினபோது, சுமங்கலியாகப் போனாளா விதவையாகப் போனாளா என்று ஊரே கிசுகிசுத்தது. அப்பாதான், "தாலியோடயே இருக்கட்டும்" என்றார்.

இன்னொன்றும் உண்டு. புருஷன் பெயரை வாயால் சொல்லாத காலம் அது. 1948-இல் அடையாள அட்டைக்குப் பெயர் பதிய வந்த அதிகாரி கணவன் பெயரைக் கேட்டபோது, பக்கத்தில் நின்ற பெண்ணைச் சொல்லச் சொன்னாராம் அப்பாயி. ஆகவே எங்கள் வீட்டில் தாத்தாவின் பெயர் ஒலித்ததே இல்லை. எழுத்தில் நான் அதைப் பார்த்தது அப்பாவின் பிறப்புப் பத்திரத்தில். தகப்பன் பெயர் என்ற இடத்தில் அந்தப் பெயர். தொழில் என்ற இடத்தில் கூலி.

ஆசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 2024 ஜூன் மாதம் நானும் கணவரும் சயாம் புறப்பட்டோம். அப்பாவால் அவ்வளவு தூரம் வர முடியாது. பத்திரத்தின் நகல் ஒன்றை என் கையில் கொடுத்து, "அங்கே போயி எங்கப்பா பேரை ஒரு தடவை சத்தமாச் சொல்லிட்டு வாம்மா. அது போதும்" என்றார்.

இனிப் படங்களைப் பார்க்கலாம்.

முதல் படம் ஈப்போ ரயில் நிலையம். வெள்ளைக் கோபுரங்களுக்கு முன்னால் கைப்பையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அம்மாள் நான்தான். மின்சார ரயிலில் ஏறினால் சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், புக்கிட் மேரா ஏரி என்று எல்லாம் ஜன்னலில் ஓடுகின்றன. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. நம்மை இந்த நாட்டுக்கு இழுத்து வந்த மரத்தின் மூதாதை அது. சுங்கை சிப்புட்டைக் கடக்கும்போது அப்பாயி நின்ற வாசல் எந்தப் பக்கம் என்று தேடினேன். ஓட்டு வீடுகள்தான் தெரிந்தன.

இரண்டாவது படம் பாடாங் பெசார் எல்லை நிலையம். ஒரே கட்டடத்தில் இரு நாட்டுக் குடிநுழைவும். கடப்பிதழில் முத்திரை குத்தி, கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளி, சாயங்காலம் சயாம் ரயிலில் ஏறினோம். வெள்ளை விரிப்பு, தலையணை, மின்விசிறி எல்லாம் உண்டு. அன்று நம்மவர்களைச் சரக்குப் பெட்டியில் அடைத்து, உட்காரவும் இடமில்லாமல் நாள்கணக்கில் இதே வழியாகத்தான் கொண்டுபோனார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

விடியற்காலை நாக்கோன் பாதோமில் இறங்கி, காஞ்சனபுரி ரயிலைப் பிடித்தோம். நாக்கோன் பாதோம் வருமுன் வழியில் கடந்தது பான்போங். மூன்றாவது படம் அதுதான். சாதாரணமான ஒரு சிறு நிலையம். ரயில் கடக்கும்போது ஜன்னல் வழியாக எடுத்தேன். படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. என் கை ஆடியிருக்கும். எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த தாத்தாவின் கடைசி இடம் அதுதானே!

பர்மாவில் இருந்த தன் படைகளுக்குக் கடல் வழியாகச் சாமான் அனுப்புவது ஆபத்தாகிவிட்டதால், ஜப்பான் 1942-இல் இந்தப் பாதையைத் தொடங்கியது. சயாமிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். காடும் மலையும் ஆறும் நிறைந்த வழி. இருபுறமிருந்தும் போட்டுக்கொண்டு வந்து 1943 அக்டோபரில் இணைத்துவிட்டார்கள். அந்த அவசரத்துக்குப் பலியானவர்களை நினைத்துப் பாருங்கள். வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகள் 60,000-க்கு மேல். அவர்களில் மாண்டவர் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள். பர்மியர், ஜாவாக்காரர், மலாய்க்காரர், சீனர் இவர்களோடு நம்மவர்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் போனதாகக் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மாண்ட ஆசியர் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுதான் உண்டு, பட்டியல் இல்லை.

நான்காவது படத்தைக் கவனித்துப் பாருங்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறைத் தோட்டம். வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகப் பூச்செடி, ஏறத்தாழ 7,000 கல்லறைகள். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். கற்களில் பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி. அங்கே இரண்டு கல்லறைகளில் 300 பேரின் சாம்பல் கலந்து கிடக்கிறது. சாம்பல் கலந்தாலும் பெயர் கலக்கவில்லை. 300 பெயரையும் மண்டபத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குப் பொறாமை இல்லை. அவர்களும் எந்தத் தாயோ பெற்றவர்கள்தான். ஆனால் நெஞ்சு அடைத்துக்கொண்டது.

இது எப்படி முடிந்தது என்று விசாரித்துப் படித்தேன். ராணுவத்துக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. கைதிகள் உயிரைப் பணயம் வைத்துக் குறிப்பெழுதி ஒளித்து வைத்தார்கள். 1945-இல் போர் முடிந்ததும் ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைக் கண்டுபிடித்துக் குறித்தது. நம்மவர்களுக்குக் குறிப்பெழுத யார் இருந்தார்கள்? 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்களில் புகுந்தபோது, கைதிகளிடமாவது அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று அதட்டினார்கள். நம் ஜனங்களின் அத்தாப்புக் கொட்டகையில் அதட்டவும் ஆளில்லை, அழவும் ஆளில்லை.

ஐந்தாவது படம் குவாய் ஆற்றுப் பாலம். கறுப்பு இரும்பு வளைவுகள். எல்லோரும் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், நாங்களும் எடுத்துக்கொண்டோம். 1957-இல் வந்த பிரசித்தமான ஆங்கிலப் படத்தால் இந்தப் பாலம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அந்தப் படத்தை எடுத்தது இங்கே அல்ல, இலங்கையில். அதில் நம்மவர்கள் பட்ட பாட்டைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அதை எழுத, சயாம் மரண ரயில் என்ற நாவலைத் தந்த நம் நாட்டு எழுத்தாளர் ஆர். சண்முகம் போன்றவர்கள் வர வேண்டியிருந்தது.

ஆறாவது படம் தாம் கிராசே. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறு பக்கம் குவாய் நோய் ஆறு, நடுவில் மரத் தூண்களின்மேல் தண்டவாளம். ரயில் ஆமைபோல் ஊர்ந்து போகிறது. உல்லாசப் பயணிகள் கைதட்டுகிறார்கள். நாம்தொக் என்ற ஊரோடு பாதை முடிகிறது. அதற்கப்பால் போருக்குப் பின் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். என் தாத்தா எந்த மைலில் கிடக்கிறாரோ, அந்த இடத்தை ரயில் தொடுகிறதோ இல்லையோ!

கடைசிப் படத்துக்கு வந்துவிட்டோம். காஞ்சனபுரியில் வாட் தாவோர்ன் வராராம் என்ற புத்தர் கோயில் இருக்கிறது. அங்கே 2023-இல் தமிழ்த் தொழிலாளர்களின் நினைவாக ஒரு நடுகல் வைத்திருக்கிறார்கள். போர் முடிந்து எண்பது வருஷம் ஆகப்போகிற நேரத்திலாவது நம் ஜனங்களுக்கு ஒரு கல் கிடைத்ததே என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கொண்டுபோன வெற்றிலை பாக்கை வைத்துக் கற்பூரம் ஏற்றினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பத்திரத்தின் நகலை எடுத்தேன். கண்ணாடி நனைந்து எழுத்துத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

தாத்தாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். அவருடைய தகப்பனார் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன். கோயில் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த சயாம்காரப் பெண் துடைப்பத்தை நிறுத்திவிட்டு நின்றாள். நான் முடித்தபின்தான் மறுபடி பெருக்கினாள்.

ஈப்போவுக்குத் திரும்பி, புந்தோங்கில் அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். பாலத்தைச் சும்மா புரட்டினார். கல்லறைத் தோட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நடுகல் படம் வந்ததும் நிறுத்தினார்.

"இங்க நின்னுதானே சொன்னே?"

"ஆமாம்ப்பா."

"சத்தமாச் சொன்னியா?"

"சத்தமாத்தான் சொன்னேன்."

"சரி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அப்பாயி போனபின் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் மகாளய அமாவாசைக்குப் படையல் உண்டு. மற்றவர்களுக்குப் படம் இருக்கும். தாத்தாவுக்கு ஒரு வேட்டியும் துண்டும் மட்டும் மடித்து வைப்போம். 2024 அக்டோபரில் வந்த அமாவாசையன்று, அந்த வேட்டிக்கு மேலே அப்பா ஒரு சட்டம் போட்ட படத்தைச் சாய்த்து வைத்தார். நடுகல் படம். அதன் அடியில் தம் நடுங்கும் கையால் தாத்தாவின் பெயரை எழுதியிருந்தார். அந்தப் பெயரை அப்பா தம் கையால் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை, கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். பேராவில் தோட்டக் குடும்பம் என்றால், தோண்டிப் பார்த்தால் சயாமுக்குப் போன ஒருவர் பெரும்பாலும் இருப்பார். தாத்தாவோ, பெரிய தாத்தாவோ, பாட்டியின் தம்பியோ. அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, வீட்டில் இருக்கும் பெரியவரிடம் இன்றைக்கே போய்க் கேளுங்கள். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், யாரோடு போனார் என்பதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பிறப்புப் பத்திரம் கிழிந்து போவதற்குள் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அப்பாவுக்கு வயது எண்பதுக்கு மேல் என்று சொன்னேன் அல்லவா? அந்தக் காலத்தில் பிறந்தவர்களில் இன்று மிச்சமிருப்பவர்கள் எல்லோருக்கும் அந்த வயதுதான், அதற்கு மேலும்தான்.

எழுதி முடித்ததும், அந்தப் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். சத்தமாகச் சொல்லுங்கள்.