சின்னதா, பெரியதா?

கட்டாரிலிருந்து லீவில் வரும் சாச்சா, “எந்தக் கெமரா வேணும் மகள்?” என்று கேட்டதிலிருந்து எனக்கு இரண்டு மனம்.

சோனி ஏ7 மிரர்லெஸ்ஸின் சென்சர் 36க்கு 24 மில்லிமீற்றர். அதே கம்பனியின் ஆர்எக்ஸ்100, பொக்கற்றில் அடங்கும் சின்னக் கெமரா, அதில் 13.2க்கு 8.8தான். பெருக்கிப் பார்த்தேன், பரப்பில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். சென்சர் பெரிதானால் மங்கல் வெளிச்சத்திலும் படம் புள்ளி விழாமல் வரும். உம்மம்மா பாய் இழைக்கும் பின் விறாந்தைக்கு அதுதான் பொருத்தம்.

ஆனால் எங்கள் வீட்டுப் பெண்கள் பெரிய கெமராவைக் கண்டால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார்கள். கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன், அந்த லென்ஸ் திரும்பும் பக்கமெல்லாம் பேச்சு நின்றுவிடும். உம்மம்மா இன்னும் மோசம். கெஞ்சியதற்கு, “முகம் வேணாம், கையை மட்டும் எடு” என்றா. எனக்கும் அந்தக் கைதான் வேண்டும். அவவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் பாய் இழைக்கத் தெரிந்தவர் யாருமில்லை.

சாச்சாவிடம் சின்னதையே சொல்லிவிட்டேன். விலையும் குறைவு, அவர் வெயிலில் நின்று உழைக்கும் காசு. வெளிச்சத்துக்கு, பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட வேண்டும். அதற்கு உம்மம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.