வலம்புரி ரோசா

கார்த்திகை மாதத்துக் கடைசி வாரத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் உப்பளங்களின் மேல் மூட்டமாய்த் தங்கியிருந்த ஒரு காலை வேளையில், நான் தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்தேன். உப்பைப் பார்க்கவோ, சங்கைப் பார்க்கவோ, அவ்வூரின் பெயரோடு ஒட்டிப்போய்விட்ட மக்ரூனைத் தின்னவோ நான் போகவில்லை. கடைசியாகச் சொன்ன விஷயத்தில் மட்டும் என் வார்த்தையை அப்படியே நம்பிவிட வேண்டாம். என்னை அங்கே அனுப்பி வைத்தது ஒரு குடும்பச் சண்டை. உறவினர் வீட்டுக் கலியாண வரவேற்பில், மூன்றடுக்குக் கேக்கின் இரு பக்கமும் நின்றுகொண்டு, வெவ்வேறு வகுப்புகளில் கேக் அலங்காரம் கற்ற இரண்டு பெண்கள், க்ரீம் பையை ஒரு கையால் பிடிப்பதா இரு கையாலும் பிடிப்பதா என்று தொடங்கி, 'உனக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கே தெரியாது' என்கிற எல்லை வரைக்கும் போய்விட்டார்கள். வைத்தியத்திலும் சங்கீதத்திலும் பாட பேதம் உண்டென்பது எனக்குத் தெரியும். சர்க்கரைப் பூவுக்கும் அது உண்டா, உண்டென்றால் எது சரியான பாடம் என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அன்றிரவே பிடித்துக்கொண்டது.

நண்பர் ஒருவர் அறிமுகப்படுத்திய அந்தப் பேக்கரியின் பெயரை எழுதப்போவதில்லை. கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வேடிக்கை பார்க்க ஆள் அனுப்பிவிடாதீர்கள் என்று முதலாளி அண்ணாச்சி கேட்டுக்கொண்டிருக்கிறார். கடையின் பின்கட்டில், சன்னல்களையெல்லாம் சாத்திய ஒரு சிறிய அறையில், மரப்பெட்டி ஒன்றினுள்ளே மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். வெள்ளையும் இளஞ்சிவப்புமாய் நாற்பது ஐம்பது சர்க்கரை ரோசாக்கள், அடைகாக்க வைத்த முட்டைகளைப் போல, அந்த வெதுவெதுப்பில் உலர்ந்துகொண்டிருந்தன.

"கோடைன்னா ஒரு ராத்திரி போதும் சார். இப்ப மூணு நாள் ஆனாலும் விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது" என்றார் மாஸ்டர்.

சர்க்கரைக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சுபாவம் உண்டு. உப்பளத்தார் உற்பத்தியை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இதே மாதங்களில்தான், ஊரிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்கள் அனைத்துக்கும் ஐசிங் போட்ட கேக் வேண்டியிருக்கிறது. சர்க்கரை மிகவும் முரண்டு பிடிக்கிற பருவமும் தொழில் மிகவும் சூடு பிடிக்கிற பருவமும் ஒன்றாகவே வந்து வாய்த்திருப்பது இவ்வூர்க் கைவினைஞரின் தலையெழுத்து.

மாஸ்டர் அறுபதைத் தாண்டியவர். பதினைந்தாவது வயதில் மக்ரூன் போட வந்து, அங்கிருந்து கேக்குக்குத் தாவியவர். இந்தத் தாவல் நாம் நினைக்கிற அளவுக்குத் தூரமானது அன்று. மக்ரூன் என்பது முட்டையின் வெள்ளைக் கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றின் சேர்க்கை; வெள்ளைக் கருவை நுரைத்து நுரைத்து, சாய்த்தாலும் வழியாத பக்குவத்துக்குக் கொண்டுவந்து, காகிதக் கூம்பில் நிரப்பி, தட்டின் மேல் சுருள் கோபுரமாய்ப் பிழிந்து, மெல்லிய சூட்டில் வெகுநேரம் உலர்த்துகிற வேலை அது. ராயல் ஐசிங் என்கிற வெள்ளைச் சர்க்கரைக் காப்பும் அதே வெள்ளைக் கருவின் இன்னோர் அவதாரம்தான்: சலித்த ஐசிங் சர்க்கரையைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, இரண்டொரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, பூவுக்கென்றால் கெட்டியாகவும், கோட்டுக்கென்றால் சற்றுத் தளர்வாகவும், பரப்பி நிரப்புவதற்கென்றால் மேலும் தளர்வாகவும் அடித்துக்கொள்வார்கள். கல்லாய் இறுகிக் கத்திக்கு இடங்கொடாமல் போகும் என்று தோன்றினால் கொஞ்சம் கிளிசரின். அவர் கோனைப் பிடித்த பிடியிலும் மக்ரூனின் பழக்கம் தெரிந்தது. உள்ளங்கை முழுவதையும் கொடுத்து, கட்டை விரலால் மேல்வாயை அடைத்து, பசுவின் மடியில் பால் கறப்பவரைப் போல அமுக்கினார்.

அன்று காலையிலேயே ஒரு விபத்து நேர்ந்திருந்தது. வேலை பழகும் பையன், எண்ணெய்த் துணியால் துடைத்த பாத்திரத்தில் வெள்ளைக் கருவை ஊற்றிவிட்டான். அரை மணி நேரம் அடித்தும் அது நுரைத்து எழாமல் கஞ்சித் தண்ணீராய்க் கிடந்தது. கொழுப்பு ஒரு துளி இருந்தாலும், மஞ்சள் கருவின் ஒரு கீற்று கலந்தாலும், வெள்ளைக் கரு காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளாது.

அந்தப் பையன் இடக்கைக்காரன். என் பிரயாணத்தின் பயன் முழுவதும் அவனிடத்தில்தான் இருந்ததென்று பிற்பாடு உணர்ந்தேன். ரோசா போடுவதற்கு, தலை அகன்ற ஆணி போன்ற சிறு கருவி ஒன்று உண்டு. அதை ஒரு கை விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே, மற்றொரு கையிலுள்ள நாசிலின் அகன்ற முனை கீழும் குறுகிய முனை மேலுமாக இருக்கும்படி பிழிந்தால், நடுக்கூம்பைச் சுற்றி இதழ்கள் ஒன்றின் மேலொன்று சாய்ந்து ஏறும். வலக்கைக்காரர் ஆணியை உருட்டுவது ஒரு திசை. இடக்கைக்காரருக்கு அதற்கு நேர் எதிர்த் திசை. மாஸ்டர் பார்க்கும்போது பையன் வலக்கையால் போட்டான். அவை தூக்கத்தில் பிறந்த ரோசாக்களாய்த் தள்ளாடின. மாஸ்டர் முன்பக்கம் போனதும் கை மாறியது. அப்போது விழுந்த பூ, மாஸ்டருடைய பூவைக் கண்ணாடியில் பார்த்தாற்போல, இதழ்கள் எதிர்ச்சுழியாய்ச் சாய்ந்து, அவ்வளவு லட்சணமாக இருந்தது. விளக்குப் பெட்டிக்குள் இப்படி எதிர்ச்சுழிப் பூக்கள் ஏழெட்டு மறைந்து கிடந்ததை அவன்தான் எனக்குக் காட்டினான்.

"மாஸ்டர்ட்ட சொல்லிராதீங்க சார்" என்றான்.

அயல்நாட்டு ஏடுகளைக் கேட்டால், ஒவ்வொன்றும் தன் வழியையே ராஜபாட்டை என்கிறது. ஜோசப் லாம்பெத் என்பவர் 1934இல் தம் பெயரையே சூட்டி வெளியிட்ட முறையில், ராயல் ஐசிங்கால் ஒரு வளைகோடு இட்டு, அது உலர்ந்தபின் அதன் மேலேயே இன்னொரு கோடு, அதுவும் உலர்ந்தபின் வேறொன்று என்று அடுக்கி, கோயில் விமானத்துச் சுதை வேலையைப் போலப் புடைப்பு உண்டாக்குவார்கள். ஒரே கேக்குக்கு நாட்கணக்கில் பொறுமை வேண்டும். சிகாகோ நகரில் டூயி மெக்கின்லி வில்ட்டன் 1929இல் தொடங்கிய பள்ளியின் வழி, பெரும்பாலும் மிருதுவான வெண்ணெய்க் க்ரீமை நம்பியது. வீட்டுப் பெண்கள் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடக்கூடியது. அந்தச் சிகாகோ வழியின் பாடங்களில் இடக்கைக்காரருக்குத் தனியே குறிப்பும் உண்டு: கரைப்பூவை வலமிருந்து இடமாகப் போடு, எழுத்தை மட்டும் எல்லாரையும் போல இடமிருந்து வலமாக எழுது என்பது. இதைப் பையனிடம் சொன்னபோது, தன் ஜாதிக்காரர் கடலுக்கு அப்பாலும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவனைப் போல அவன் முகம் மலர்ந்தது.

மறுநாள் மில்லர்புரத்தில், வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்கும் ஓர் அம்மையாரைப் பார்க்கப் போனேன். பேக்கரியில் இவரை யாருக்கும் தெரியாது. ஆனால் மாஸ்டரின் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் இவரிடம் வந்துவிட்டதாக ஊரில் சொன்னார்கள். இவர் முன்பு கலியாணப் பெண்களுக்கு மருதாணி இட்டுப் பிழைத்தவர். ஆகவே இவருடைய கோன் உள்ளங்கைக்குள் போகவே இல்லை. கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து, எழுதுகோலைப் பிடிப்பதுபோல் நுனியருகே பிடித்தன. கேக் நின்ற வட்டத் தட்டு சுழல, இவருடைய மணிக்கட்டு சலனமின்றி இருந்தது. அங்கே மாஸ்டருக்கோ, கேக் நிலையாக நிற்க, முழங்கை வரை நடமாடும்.

"ராயல் ஐசிங் போட்டுப் பார்த்தேன் சார். பிள்ளைங்க பல்லு வலிக்குதுன்னு சுரண்டி வச்சிட்டாங்க. பாதிப் பேருக்கு முட்டையே ஆகாது. வெண்ணெய் அடிச்சா, சித்திரையில வீட்டுக்குப் போறதுக்குள்ள பூ எல்லாம் படுத்திரும்" என்றார்.

வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிப்போகும். இவ்வூரின் கோடை அந்த எல்லையைத் தாண்டியே ஆரம்பிக்கிறது. ஆகவே தாவர எண்ணெயில் செய்து உறைய வைத்து விற்கப்படும் க்ரீமை இவர் கையாளுகிறார். அது பாதி உருகிய குளிர்ச்சியோடு இருக்கும்போதே அடிக்கப்பட வேண்டும். குறைந்தால் வழியும், மிஞ்சினால் இதழின் ஓரம் கிழிந்த துணி போலப் பிசிறு விடும். மாஸ்டருக்கு விஷமாயிருந்த கொழுப்பு இவருக்கு உயிர்நாடி. இருவரில் எவர் சுத்தமான சாஸ்திரக்காரர் என்று விசாரிப்பது எங்கேயோ கொண்டு விட்டுவிடும் என்று பயந்து, அந்த விசாரணையை அத்துடன் விட்டேன்.

ஒரு வேடிக்கையை மட்டும் சொல்ல வேண்டும். அன்று அவர் செய்துகொண்டிருந்தது இருதய வடிவக் கேக் ஒன்று. ஓரமெங்கும் சிப்பி சிப்பியாய்க் கரையும், தொங்கும் தோரணமும், தோரணத்தின் மேல் தோரணமுமாக இருந்தது. 'விண்டேஜ்' என்று இப்போது பிள்ளைகள் கேட்டு வாங்குவது இதுதானாம். நான் பார்த்தது லாம்பெத்தின் பழைய மாளிகை. ஆனால் உலராத க்ரீமில் எழுப்பியது. கோடு உலர்ந்த பின்னரே மேற்கோடு என்ற நியமத்தின்படி இது ஒழுங்கீனத்தின் உச்சம். ஆயினும் இரண்டு மணி நேரம் நின்று, மெழுகுவர்த்தி ஊதி, வெட்டித் தின்னப்படுவதற்கு அந்த மாளிகை தாராளமாகப் போதும்.

பிறகு என் கையிலும் ஒரு கோனைக் கொடுத்தார். கவிழ்த்த தட்டின் மேல் 'அன்பு' என்று எழுத முயன்றேன். 'அ' ஒருவாறு நிமிர்ந்தது. 'ன்' எழுத்தின் புள்ளி வைக்கும்போது, அமுக்கியபடியே கையைத் தூக்கினேன். புள்ளி, வால் முளைத்து, பன்றிக்குட்டியின் பின்புறம்போல் நின்றது. அந்த அயல்நாட்டு ஏடுகளில் நம்முடைய 'ண'கரத்தின் மூன்று சுழியையும் 'ழ'கரத்தின் வளைவையும் க்ரீமில் எழுதுவது எப்படி என்ற பாடம் இருக்க நியாயமில்லை. தமிழ்நாட்டுப் பேக்கரிக்காரர்கள் அதைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அமுக்குறத விட்டுட்டு அப்புறமாக் கைய எடுங்க சார்" என்றார் அம்மையார்.

இந்த வாக்கியத்தை நான் முந்தைய நாளே கேட்டிருந்தேன். "மொதல்ல பிடிய விடு, பொறவு தூக்குலே" என்று மாஸ்டர் பையனை அதட்டியபோது, அது ஏதோ அவருக்கே உரிய பிடிவாதம் என்று எண்ணியிருந்தேன். பிடி வேறு, திசை வேறு, பண்டம் வேறு, குருபரம்பரை வேறு; ஒருவரை ஒருவர் பார்த்தும் அறியாத இந்த இருவரும் ஒத்துப் பேசிய விதி எனக்கு அகப்பட்டது இது ஒன்றே. இது மனிதர் வகுத்த சம்பிரதாயம் அன்று. உள்ளிருந்து தள்ளும் விசை நிற்காத வரையில் எந்தக் குழம்பும் நுனியோடு கூடவே இழுபட்டு வரத்தான் செய்யும்.

ஊர் திரும்புமுன் மாஸ்டரிடம் விடைபெறப் போனேன். எது சரியான முறை என்று அப்போதுதான் நேராகக் கேட்டேன்.

"எங்க மாஸ்டர் சொல்லித் தந்ததுதான் சரி" என்றார், கண்ணை எடுக்காமல். சற்றுக் கழித்து, "அவரு சொன்னதுல பாதிய நான் மாத்திட்டேன். ஆனா இவன்ட்ட அதச் சொல்ல மாட்டேன். பழகுத பயலுக்கு ரெண்டு வழி காட்டினா ரெண்டும் வராது" என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார்.

அந்த உபாயம் எனக்கு நியாயமாகவே பட்டது; பையனுடைய வலக்கையை நினைத்தபோது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

அதற்குள் முன்பக்கத்திலிருந்து அண்ணாச்சி ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரோ ஓர் அம்மாள், மேலிருந்த ரோசாவைக் கண்டு, இது போலவே ஆறு பூ வேண்டுமென்று கேட்கிறாராம். அது எதிர்ச்சுழிப் பூ. மாஸ்டர் அதை விளக்கடியில் பிடித்து, ஒரு முறை திருப்பி, மறுமுறை திருப்பி, வெகுநேரம் பார்த்தார். சங்கு குளித்த ஊரில் பிறந்தவருக்கு, பல்லாயிரத்தில் ஒன்றாய் மாறிச் சுழித்ததன் விலை தெரியாதா?

"வலம்புரியால்லா போட்டிருக்கான்" என்றார்.

பையன் வலக்கையில் கோனை வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் நின்றான். மாஸ்டர் கேக்கை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு, அடுப்பில் தட்டு இருக்கிறது, பார்க்க வேண்டும் என்று யாரிடமோ சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு, அறைக் கதவைத் தமக்குப் பின்னால் நன்றாகச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.