கூடிச் செய்யும் தேகாப்பியாசம்

தேர்த் திருவிழாவன்று வடம் பிடித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வீட்டிலே ஓர் அரிசி மூடையை நகர்த்தச் சொன்னால் முதுகு நோகிறது என்று கதிரையில் அமர்ந்துவிடும் மனிதர், நூறு பேருடன் வடத்திலே கை வைத்ததும் இருபது வயது இளைஞராகிவிடுகிறார். அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. வடம் ஓடத் தொடங்கிய பின்னர் நடுவிலே கையை எடுத்து விலகுவதும் அத்துணை எளிதன்று. முன்னால் நிற்பவரும் பின்னால் வருபவரும் அவரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகின்றனர். கூட்டமாகச் செய்யும் கடுமையான தேகாப்பியாசத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது நமக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த வடந்தான்.

இத்தகைய பயிற்சி மண்டபங்கள் இன்று கொழும்பிலும் தோன்றியிருக்கின்றன. இவற்றுட் பலவற்றுக்கு முன்மாதிரியாக நிற்பது கிறெக் கிளாஸ்மன், லோறன் ஜெனாய் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தாபித்த 'கிறொஸ்பிற்' என்னும் அமைப்பாகும். அவர்கள் தமது மண்டபத்தைப் 'பெட்டி' என்றே அழைக்கின்றனர். பெயருக்கேற்ப உள்ளே அலங்காரம் எதுவும் இராது. இரும்புத் தண்டும் வட்டத் தகடுகளும், தொங்குவதற்கு ஒரு குறுக்குக் கம்பி, ஏறுவதற்கு ஒரு கயிறு, சுவரிலே ஒரு கடிகாரம், பக்கத்திலே ஒரு பலகை. அன்றைய பயிற்சி பலகையில் எழுதப்பட்டிருக்கும். வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதையே செய்வர். முடித்த நேரத்தைத் தம் பெயருக்கு எதிரே எழுதுவர். எழுதுவது என்ற அந்தச் சிறிய காரியத்திலேதான் இம்முறையின் உயிர் இருக்கிறது.

அவர்களிடையே புகழ்பெற்ற பயிற்சியொன்று 'மேர்ப்' எனப்படுவது. 2005இல் ஆப்கானிஸ்தானில் உயிர்நீத்த மைக்கல் மேர்பி என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரியின் ஞாபகார்த்தமாக அமைந்தது. ஒரு மைல் ஓட்டம், பின்பு கம்பியிலே தொங்கி உடலை மேலிழுத்தல் 100, தண்டால் 200, குந்தி எழுதல் 300, மீண்டும் ஒரு மைல் ஓட்டம். இயன்றவர்கள் 20 இறாத்தல் பாரமுள்ள மேலங்கியையும் அணிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் மே மாத இறுதியில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் விடுமுறை நாளன்று, பெருந்தொகையான அமெரிக்கர் இதைச் செய்து முடிக்கின்றனர். தனியே விட்டால் இவர்களுள் எத்தனை பேர் இரண்டாவது மைலுக்குப் போவார்கள்?

கடும்பயிற்சியினால் நன்மை உண்டா என்பதில் நமக்கு ஐயமில்லை. ஜப்பானிலே கனோயா என்னும் இடத்திலுள்ள உடற்பயிற்சிக் கல்லூரியில் இசுமி தபாட்டா என்ற ஆய்வாளர் செய்து 1996இல் வெளியிட்ட பரிசோதனை இதற்கு நல்ல சான்று. உடற்பயிற்சி பயிலும் மாணவர்களை இரு பிரிவாக்கினார். ஒரு பிரிவினர் வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், நிதானமாக நிலைத்த துவிச்சக்கர வண்டியை மிதித்தனர். மற்றப் பிரிவினரோ 20 செக்கன் முழுமூச்சாக மிதித்து, 10 செக்கன் ஓய்வெடுத்து, இப்படி ஏழெட்டு முறை செய்தனர். மொத்தம் நான்கு நிமிடமளவே. வாரத்தில் நான்கு நாள் இவ்வாறு; ஐந்தாம் நாள் சற்று இலகுவான வேறொன்று. ஆறு வாரங்களின் பின் பார்த்தபோது, உடல் பிராணவாயுவை உபயோகிக்கும் சக்தி இரு பிரிவினருக்கும் கூடியிருந்தது. அதற்கு மேலாக, பிராணவாயு போதாத வேளையிலும் தசை உழைக்கும் சக்தி நான்கு நிமிடக்காரருக்கு மட்டும் 28 வீதம் உயர்ந்திருந்தது.

இந்த நான்கு நிமிடத்தின் புகழ் உலகெங்கும் பரவிற்று. ஆனால், நிலைத்த வண்டியை மிதிப்பவன் களைத்துப்போனால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். தலைக்கு மேலே இரும்புத் தண்டைப் பிடித்திருப்பவன் களைத்துப்போனால் என்ன ஆகும் என்பதை அந்த ஆய்விலே தேடிப் பயனில்லை.

இவ்வளவையும் நாம் தேடிப் படிக்க நேர்ந்தது நமது தங்கையின் மகளினால். வயது முப்பத்துநான்கு, வங்கியிலே உத்தியோகம், நாள் முழுவதும் கதிரை. தந்தையாரை நீரிழிவும் இருதய நோயும் சேர்ந்து அறுபது வயதுக்கு முன்னரே கொண்டு சென்றன. இவளுக்கும் இரத்தத்திலே சீனி ஏறத் தொடங்கிவிட்டது. உடம்பை அசைக்காவிட்டால் மருந்துதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அலுவலகத் தோழியர் இருவர் ஒரு மண்டபத்திற் சேர்ந்து புத்துயிர் பெற்றவர்கள்போல் வந்து நிற்கவே, தானும் சேரப் புறப்பட்டாள். தாயாரோ, அயல் வீட்டுப் பையன் அங்கே போய்த்தான் தோளை முறித்துக்கொண்டான் என்று தடுத்தார். "மாமா, போகலாமா கூடாதா? ஒரு சொல்லிலே சொல்லுங்கோ" என்று வழக்கு நம்மிடம் வந்தது.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அளவு எதுவென்று அந்தப் பழமொழி சொல்வதில்லை.

ஆகவே ஒரு சனிக்கிழமை காலை அவளுடன் நாமும் சென்று, ஓரமாக ஒரு கதிரையில் அமர்ந்து பார்த்தோம். இருபது பேரளவில் இருந்தனர். பாட்டு ஒலிபெருக்கியில் அதிர்ந்தது. ஐம்பது வயது கடந்த ஒருவர் எல்லோருக்கும் பின்தங்கிவிட்டார். மற்றவர்கள் முடித்துவிட்டுப் போகவில்லை. அவரைச் சுற்றி நின்று கைதட்டி, பெயர் சொல்லி அழைத்து, ஒவ்வொரு தூக்கலையும் எண்ணினர். அவர் முகம் இருண்டு, முதுகு வில்லாக வளைந்து, கடைசி ஆறையும் தூக்கி முடித்தார். தரையிலே விழுந்து கிடந்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நமக்குங்கூடக் கண் கலங்கிற்று. எத்தனை ஆண்டுகளாக அந்த மனிதருக்காக எவரும் கைதட்டியிருக்க மாட்டார்கள்! ஆனால் உடனே மற்றோர் எண்ணமும் எழுந்தது. நான்காவது தூக்கலிலே முதுகில் ஏதோ சுளுக்கிற்று என்று வைத்துக்கொண்டால், அத்தனை பேர் நடுவிலே அதை அவர் எப்படிச் சொல்லியிருப்பார்?

1920களில் ஓட்டோ கேலர் என்ற ஜெர்மன் உளவியலாளர், பேர்லின் நகரப் படகோட்டிகளைக் கொண்டு இதையே ஆராய்ந்தார். தனியே பாரம் தூக்கச் சொன்னபோது தாங்கிய நேரத்தைவிட, தன்னிலும் ஓரளவு பலமுள்ள ஒருவனோடு இணைத்துவிட்டபோது பலங்குறைந்தவன் அதிக நேரம் தாங்கினான். தன்னால் மற்றவன் தோற்கக்கூடாது என்ற எண்ணம் அவன் கையைத் தாழவிடவில்லை. நன்மை தருவதும் தீமை தருவதும் இந்த ஒரே மானவுணர்ச்சிதான். அதிகாலை ஐந்து மணிக்குப் படுக்கையிலிருந்து எழுப்புவதும் அது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த விடாததும் அது.

காயங்களின் கணக்கு எப்படி? இங்கே இரு பக்கத்தாரையும் எச்சரிக்கையோடு நோக்குதல் வேண்டும். 2013இல் ஓர் அமெரிக்கச் சஞ்சிகை, கிறொஸ்பிற் பயின்றோரிற் பலர் காயத்தால் விலகியதாக ஒரு கட்டுரை வெளியிட்டது. அந்தத் தகவல் பிழையென்று 2015இல் அதே சஞ்சிகை திருத்தம் போட்டது. அச்சஞ்சிகை ஒரு போட்டி அமைப்புக்கு உரியது. வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தது. எனினும் 2018இல் வெளியான வேறோர் ஆய்வில், விசாரிக்கப்பட்ட 3,049 பேரில் 30.5 வீதத்தினர் முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஏதோவொரு காயம் அடைந்ததாகத் தாமே கூறினர். தோளே முதலிடம், அடுத்தது முதுகு, அதன் பின் முழங்கால். இது பயமுறுத்தும் தொகைபோலத் தோன்றும். பயிற்சி செய்த நேரத்தோடு ஒப்பிட்டால், 2013இல் வந்த மற்றோர் ஆய்வின்படி, ஆயிரம் மணி நேரத்துக்கு மூன்று காயங்கள். பாரந்தூக்கும் போட்டியாளருக்கு ஏற்படுவதைப் போன்றதே, றக்பி ஆட்டத்திலும் குறைவு. இன்னொன்று: 2014இல் 386 பேரிடம் நடந்த விசாரணையில், பயிற்றுநர் அருகில் நின்று உடல்நிலையைத் திருத்திய இடங்களிலே காயம் குறைந்திருந்தது.

தோட்சுளுக்கு ஆறிவிடும். நாம் அஞ்சுவது வேறொன்றுக்கு. 1941இல், இலண்டன் மாநகரில் ஜெர்மன் குண்டுவீச்சால் இடிந்த வீடுகளிலிருந்து மீட்கப்பட்டோரிற் சிலர் விசித்திரமாக இறந்தனர். கை கால் மணிக்கணக்கில் இடிபாட்டில் நசுங்கிக் கிடந்ததேயன்றி, மீட்டபோது நல்ல நிலையில் இருந்தவர்கள். சில நாட்களில் சிறுநீரகம் செயலற்றுப் போயிற்று. எரிக் பைவாட்டர்சும் அவருடைய சகவைத்தியர் ஒருவரும் இதனை விபரித்து எழுதினர். நசுங்கிய தசையின் உள்ளிருப்பவை இரத்தத்திலே கலந்து சிறுநீரகத்தை அடைத்துவிடுகின்றன என்பது பின்னர் நன்கு விளங்கிற்று. இடிபாடு எதுவும் விழாமலே, பழக்கமில்லாத தசையைத் திடீரென்று வரம்பு கடந்து வேலை வாங்கினாலும் இதே விளைவு நேரலாம். 'றப்டோ' என்று பயிற்சிக்காரர் சுருக்கிச் சொல்வது இதனையே. கிளாஸ்மன் தாமே 2005இல் இதைப்பற்றித் தம் சஞ்சிகையில் எச்சரித்து எழுதினார். ஆயினும் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தில் மாட்டப்பட்ட கோமாளியின் படமொன்று 'றப்டோ மாமா' என்ற பெயரில் அக்கூட்டத்தாரின் வேடிக்கைச் சின்னமாகவும் உலாவிற்று. அந்த வேடிக்கை நமக்குச் சிறிதும் பிடிக்கவில்லை.

இந்த நோய் மெலிந்தவர்களைத்தான் பிடிக்கும் என்று எண்ண வேண்டா. 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழக உதைபந்தாட்ட வீரர்கள், சில வார விடுமுறை கழிந்து வந்ததும், தாம் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் பாதியைத் தோளிலே தாங்கி நூறு முறை குந்தி எழுமாறு பணிக்கப்பட்டனர், நேரமும் குறிக்கப்பட்டது. பதின்மூன்று பேர் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டனர். நல்லவேளையாக எல்லோரும் வீடு திரும்பினர். பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டது நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. தம்மால் இதை முடிக்க இயலாது என்று உள்ளுக்குள் நினைத்தவர்களும், தசை மேலும் அசைய மறுக்கும் எல்லை வரை சென்றவர்களுமே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய உடம்பு எச்சரித்திருக்கிறது. அத்தனை தோழர் மத்தியில் அதைச் செவிமடுக்க இயலவில்லை.

ஆயின் கடுமையே குற்றமா? அவுஸ்திரேலியாவின் கிறிபித் பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது. மாதவிடாய் நின்ற, எலும்பு தேய்ந்த 101 பெண்கள். பலர் அறுபது கடந்தவர்கள். அவர்களுட் பாதிப்பேரை எட்டு மாதம், வாரத்தில் இருமுறை, அரை மணி நேரம், மெய்யாகவே பெரும் பாரங்களைத் தூக்க வைத்தனர். அவர்களுடைய முதுகெலும்பின் அடர்த்தி 2.9 வீதம் கூடியது. வீட்டிலே இலகுவான அப்பியாசம் செய்த மற்றவர்களுக்கு 1.2 வீதம் குறைந்தது. காயமென்று சொல்லத்தக்கது ஒருவருக்கு வந்த சிறு முதுகுப் பிடிப்பு மட்டுமே. நம் வீட்டு ஆச்சிமாரிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அங்கே தூக்குவது ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து முறைதான். முதல் மாதம் முழுவதும் சிறு பாரத்தோடு, தூக்கும் விதத்தைப் பழகுவதில் கழிந்தது. சில பேருக்கு ஒரு பயிற்றுநர். எவ்வளவு விரைவாக முடித்தாய் என்று கேட்பதற்கு அங்கே எவரும் இல்லை.

ஆகவே மருமகளுக்கு நாம் கூறியது: போகலாம், போகவும் வேண்டும். உன் தந்தையாரைக் கொண்டுபோன நோய்க்கு, வேலை செய்யும் தசையைப்போல் நல்ல மருந்து கிடைப்பது அரிது. தசைதான் இரத்தத்துச் சீனியை உறிஞ்சும் பெரிய பாத்திரம். முதலில் வைத்தியரிடம் இருதயத்தைக் காட்டிவிட்டுப் போ. மண்டபத்தில் இயந்திரங்களைப் பாராதே. நடுவிலே நிறுத்தியவனை அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று பார். கொழும்பின் ஈரக்காற்றிலே வியர்வை உலர்வதில்லை, ஆகையால் உடற்சூடும் எளிதில் தணியாது. தகரக் கூரையின் கீழ் மின்விசிறியின்றிப் பயிற்றும் இடம் வேண்டாம். பயிற்சிக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ கை வீங்கி நீட்ட முடியாமற் போனாலும், சிறுநீர் வெறுந்தேநீர் நிறத்தில் போனாலும், எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இராதே. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போ.

நாம் முதலில் பார்த்த மண்டபத்திலே, புதியவர்களுக்குத் தனிப் பழக்கம் உண்டா என்று கேட்டாள். முதல் நாளே எல்லாரோடும் சேர்ந்து செய்வதுதான் உற்சாகம் என்றார்கள். தெகிவளைப் பக்கம் இன்னொன்று சிறியது. ஒரு வேளைக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அவள் பார்க்கப் போனபோது, ஓர் இளைஞன் வேகத்தில் முதுகு வளையத் தூக்கவே, பயிற்றுநராகிய பெண்மணி அவனை நிறுத்தி, இரு பக்கத்துத் தகடுகளையும் தாமே கழற்றி வைத்தாராம். அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றானாம். மற்றவர்கள் தம் வேலையைப் பார்த்தார்களாம். அங்கேதான் பணம் கட்டினாள்.

மூன்று வாரம் கழிந்துவிட்டது. அவள் கையிலே இன்னும் இரும்பைக் கொடுக்கவில்லை. ஒரு வெறுந்தடியை வைத்துக்கொண்டு குந்தவும் எழவும் பழக்குகிறார்கள். அவளுக்குப் பொறுமை போய்க்கொண்டிருக்கிறது. நேற்று தொலைபேசியில் அழைத்த நமது தங்கை கேட்டது வேறு: "அண்ணை, தடி தூக்குறதுக்கே மாதம் இவ்வளவு காசு? வீட்டிலே தும்புத்தடி சும்மாதானே கிடக்குது!"