முற்றத்தில் கல் பாவினோம்



கட்டுரை எழுத இப்படியும் ஒரு பொருளா என்று நீங்கள் நகைக்கக்கூடும். நாள்தோறும் மிதித்து நடக்கும் கல்லைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? கல்லைப் பற்றி அதிகம் இல்லைதான். நான் எழுத வந்தது அந்தக் கல்லுக்குக் கீழே, ஓர் அங்குலக் கனத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் படுத்திருக்கும் மணலைப் பற்றி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தூத்துக்குடியில் எங்கள் தெருவைப் போன்ற தாழ்வான இடங்களில் பல நாட்கள் தண்ணீர் வடியவில்லை. வடிந்தபின் பார்த்தால், முற்றத்துக் கற்கள் ஒன்று மேடும் ஒன்று பள்ளமுமாகக் கிடந்தன. நான்கு கற்கள் நடுவில் உடைந்திருந்தன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டிலோ கூடம் மெய்யாகவே கோணல்!

எங்கள் ஆச்சிக்கு அது சிரிப்பாக இல்லை. குளியலறைக்குப் போக முற்றத்தைக் கடக்க வேண்டும். ஒரு நாள், ஆடும் கல்லில் ஊன்றிய தடி நழுவி, விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். அதன்பின் இரவில் யாரையாவது எழுப்பாமல் வெளியே வருவதில்லை. எழுப்பக் கூச்சப்பட்டு, பொழுது சாய்ந்தபின் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்பது அம்மாவுக்கு வெகுநாள் கழித்தே தெரிந்தது.

2024 மே விடுமுறையில் அப்பா ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார்கள். உடைந்த கல்லைப் பெயர்த்ததும் காரணம் புலப்பட்டது. முன்பு வேலை செய்தவர் கல்லின் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஒவ்வோர் உருண்டை கலவை வைத்து அமுக்கியிருந்தார். இடையில் வெறும் பொள்ளல். தாங்கல் இல்லாத இடத்தில் பாரம் விழுந்தால் எவ்வளவு கனத்த கல்லும் முறியத்தானே செய்யும்?

பழையதை எல்லாம் அள்ளி எறிந்துவிட்டு, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் சரளை பரப்பித் தண்ணீர் தெளித்து மீண்டும் இடித்தார்கள். பிறகு டியூபில் தண்ணீர் நிரப்பி, நான்கு மூலைக் குச்சிகளிலும் ஒரே மட்டத்தைக் குறித்தார்கள். அத்துடன் வேலை முடிந்ததென்று எண்ணினேன். கொத்தனார் சிரித்தார். “மட்டம் பாத்தது மட்டமா போடுறதுக்கு இல்ல பாப்பா, வாட்டம் குடுக்குறதுக்கு” என்றார். முற்றிலும் சமமான தளத்தில் மழைநீர் நின்றுவிடுமாம். ஆகவே பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வீதம், சுவரிலிருந்து தென்னை மரத்தை நோக்கித் தாழ்த்தி நூல் கட்டினார்.

மணலின் முறை அதன்பின்தான் வந்தது. ஒரே கனமுள்ள இரண்டு இரும்புக் குழாய்களைச் சரளைமேல் இணையாகக் கிடத்தி, நடுவே எம்சாண்டைக் கொட்டி, நேரான ஒரு பலகையைக் குழாய்களின்மேல் வைத்துப் பின்னோக்கி இழுத்துக்கொண்டே வந்தார். மேடு வழிந்து போயிற்று; பள்ளம் நிரம்பிற்று. குழாய்களை மெல்ல உருவி, அவை கிடந்த தடத்தையும் நிரப்பினார். அதன்பின் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. (எங்கள் வீட்டுப் பூனைக்கு இதை யாரும் சொல்லவில்லை!)

ஓரிடத்தில் சரளை தாழ்ந்திருந்தது. “அங்கே கூட மணல் போட்டால் ஆயிற்றே?” என்று கேட்டேன். கூடாதாம். மிதிபட மிதிபட மணல் அமுங்கும். கனமாகக் கிடக்கும் இடத்தில் அதிகமாகவும், மெலிந்த இடத்தில் குறைவாகவும் அமுங்கும். இன்று மறைத்த பள்ளம் ஆறு மாதத்தில் கல்லோடு சேர்ந்து மேலே தெரியும். எனவே பள்ளத்தைச் சரளையிலேயே தீர்த்துவிட வேண்டும். வாட்டத்தையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும். மணல் எங்கும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கடற்கரை இவ்வளவு அருகில் இருக்க மணலை விலைக்கு வாங்குவானேன் என்றும் கேட்டேன். கடல் மணலில் உப்பு உண்டு. அது ஈரத்தை இழுக்கும், கல்லில் வெள்ளை பூக்கும் என்றார்.

உப்பு என்றதும் ஆச்சிக்கு வாய் திறந்தது. இளவயதில் பல ஆண்டுகள் உப்பளத்தில் பாத்தி மிதித்தவர்கள் அவர்கள். பருவத் தொடக்கத்தில் பாத்தியின் களிமண்ணைக் காலாலேயே மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்களாம். நெகிழ்ந்த இடத்தில் உப்போடு சேறும் கலந்து வருமாம். மணல் போடாத பகுதியில் அம்மாவின் கையைப் பிடித்தபடி வெறுங்காலுடன் நடந்து பார்த்தார்கள். “ஏ தம்பி, இந்த மூலை இன்னும் நெகிழ்ச்சியா இருக்கு” என்றார்கள். கொத்தனார் மறுபேச்சின்றித் திமிசை எடுத்தார்.

எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது, கி.மு. 312-இல் ரோமானியர் தொடங்கிய ஆப்பியன் பாதையிலும் கல்லுக்கு அடியில் சரளை இறுக்கியிருந்தார்கள் என்றார்கள். நம் கொற்கை முத்தை விரும்பி வாங்கியவர்களும் அந்த ரோமானியரே! அவர்களுக்கும் ஓர் உப்பள ஆச்சி இருந்தாரோ என்னவோ.

கற்களை ஒவ்வொன்றாக இறக்கி, ரப்பர் சுத்தியால் தட்டிச் செவிசாய்த்துக் கேட்டார் கொத்தனார். நிறைந்த ஓசை வந்தால் சரி. பொள்ளல் ஓசை வந்தால் கல்லைத் தூக்கி மீண்டும் மணலைச் சரிசெய்தார். மணல் நழுவி ஓடாதபடி ஓரங்களில் செங்கல் வைத்துக் கட்டி, இடைவெளிகளை அடைத்தார்.

முடிவில் ஆச்சி ஒரு குடம் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள். தண்ணீர் தென்னையை நோக்கி ஓடிற்று. ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு நின்றது. காசு வாங்கிக்கொண்டு போகவிருந்தவர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அந்த இரண்டு கற்களையும் பெயர்த்தார். இருட்டும் வரை வேலை நடந்தது.

இப்போதும் ஆச்சி தடியோடுதான் நடக்கிறார்கள். ஆனால் இரவில் எங்களை எழுப்புவதில்லை. படுக்கையருகே தண்ணீர்ச் செம்பும் இருக்கிறது.