சிலம்பு செய்த கை

சென்ற தவணையில் உயர்தர வகுப்பிற்குக் கொலைக்களக் காதையைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். கோவலன் சிலம்போடு மதுரை வீதியில் நடக்கிறான். அரண்மனைப் பொற்கொல்லன் எதிர்ப்படுகிறான். அவ்விடத்தில், கடைசி வாங்கிலிருந்து ஒருவன் 'தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்' என்ற பழமொழியை எடுத்துவிட்டான். வகுப்புச் சிரித்தது. சிரியாது தலை குனிந்தவன் ஒருவன். அவன் தந்தை நகைத் தொழிலாளி. யானோ ஒன்றும் சொல்லாது பாடத்தைத் தொடர்ந்தேன். அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது.

அன்றிரவு நூலை மீண்டும் விரித்தேன். பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில் என் கண் தங்காத ஓர் அடியில் இப்போது தங்கியது. அரண்மனைக் கொல்லன் தனியே வரவில்லை. நுண்வினை வல்ல கொல்லர் நூற்றுவர் அவன் பின்னே வருகின்றனர். சட்டையணிந்து முன்னே நடப்பவன் அரச வரிசை பெற்றவன், கள்வனும் அவனே. பின்னே வந்த நூறு பேர் எதைத் திருடினர்?

தண்டனையின் கணக்கோ இன்னும் கொடிது. கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என உரைபெறு கட்டுரை கூறும். ஒரே பகலில் என்று நீர்ப்படைக் காதை கூறும். ஆராயாது கொல்லச் சொன்னவன் பாண்டியன். அவன் உயிர் நீத்தான், உண்மை. எனினும் நாட்டிற்கு மழை வேண்டிக் குருதி சிந்தியவர் தொழிலாளரே. அது நடந்ததோ இல்லையோ, காப்பியம் அதனைச் சாந்தி என்கிறது. நாமும் பரீட்சைக் குறிப்பாக எழுதிக் கடந்துவிடுகிறோம்.

இத்தனைக்கும், அவையில் உண்மையை நிறுவியது எது? அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பெயரறியாத ஒரு கொல்லன் உள்ளே இட்டு மூடிய பரல்களே சாட்சி!

மறுவாரம் இவற்றையெல்லாம் வகுப்பிற் சொன்னேன். பின்னர் உள்ளீடற்ற சிலம்பை எவ்வாறு செய்வர் என்று அந்த மாணவனையே கேட்டேன். தயங்கி எழுந்தவன், தகட்டைக் குழலாக வளைப்பதையும், பரலிட்டுப் பற்றாசு வைத்து ஊதுவதையும் கரும்பலகையில் வரைந்து காட்டினான். "சூடு கொஞ்சம் கூடினால் தகடே உருகிப்போடும், சேர்."

"அப்ப, அந்தக் கொல்லனுக்குச் செய்கூலி எவ்வளவு குடுத்திருப்பினம்?" என்றது கடைசி வாங்கு, அதே குரல்.

நூலில் அது இல்லை என்றேன்.